பன்னிரண்டு மீன்

ஓர் ஊரிலே ஒரு மலை இருந்ததாம். சாமி கட்டிய மலையில்லை, பூதம் கட்டிய மலையுமில்லை. ரொறன்ரோச் சனம் முப்பது வருசமாய் எறிந்த குப்பை வளர்ந்து நின்ற மலை.

அதை மூடி, மண் போட்டு, புல்லும் வளர்த்தாயிற்று. ஆனாலும் அடியால் கறுத்த தண்ணி கசிந்துகொண்டேயிருந்தது. அந்தத் தண்ணியை நாணல் பாத்திகளுக்குள்ளால் ஓடவிட்டு, மின்சாரமோ மருந்தோ இல்லாமல் சுத்தமாக்கலாம் என்று திட்டம் போட்டவள் எஞ்சினியர் அட்சயா. இரண்டு வருச உழைப்பு.

பாத்தி முடிகிற இடத்தில் ஒரு குட்டை. குட்டையில் பன்னிரண்டு மீன். முப்பது நாளுக்கு ஒன்றும் சாகாவிட்டால், தண்ணியை வீடுகளுக்குப் பின்னால் போகிற ஆற்றில் விடலாம். பிள்ளைகள் கால் நனைக்கிற ஆறு.

இன்று முப்பதாம் நாள். ஒன்றுமே சாகவில்லை.

அதுதான் கொஞ்ச நாளாய் அவளை உறுத்தியது. திங்கட்கிழமை வால் கிழிந்த மீன் ஒன்று நின்றது. செவ்வாய்க்கிழமை ஒரு வாலும் கிழிந்திருக்கவில்லை. எண்ணினால் பன்னிரண்டு. குட்டையைச் சுற்றி ஒரு தவளை கத்தியதில்லை, ஒரு நுளம்பு வந்து கடித்ததில்லை.

காலை ஏழு மணிக்கே வந்துவிட்டாள். பனிப்புகார் மூடியிருந்தது. மலைக்குள்ளிருந்து வாயுக் குழாய்கள் புஸ்ஸென்று மூச்சு விட்டன. குட்டையோரம் யாரோ குந்தியிருந்து தண்ணியோடு கதைத்தார்கள்.

“போயிட்டு வாங்கோ செல்லங்கள்... குறை நினைக்காதேங்கோ.”

காவல்காரர் நவரட்ணம். கையில் செத்த மீன் மூன்று. பக்கத்தில் வாளி, அதற்குள் உயிரோடு மூன்று.

“அங்கிள், என்ன உது?”

அவர் திடுக்கிட்டு எழும்பினார்.

“தூண்டில் போடுறவைக்கு மீன் விக்கிற கடையில வாங்கினனான், பிள்ளை.”

“எத்தினை நாளாய் உந்த வேலை?”

“முதல் கிழமையில இருந்து.”

“ஏன்?”

“போன முறை மீன் செத்து மிதக்கேக்க, நீங்கள் காருக்குள்ள இருந்து குலுங்கிக் குலுங்கி அழுதீங்கள். எனக்கும் உங்கட வயசில ஒரு மகள் இருக்கிறா. பாக்க ஏலாமல் போச்சு.”

அட்சயா வெடித்தாள்.

“உங்களுக்கு விசரோ அங்கிள்? அடுத்த கிழமை உந்தத் தண்ணி ஆத்துக்குள்ள போகும்! சின்னப் பிள்ளையள் விளையாடுற இடம். உங்கட இரக்கம் எத்தினை பேரைக் கொல்லும் எண்டு யோசிச்சனீங்களே? மனச்சாட்சி உள்ள மனுசர் செய்யிற வேலையே?”

நவரட்ணம் தலை குனிந்தார்.

“ஓம் பிள்ளை. பெரிய பிழை. இண்டைக்கு வாற அதிகாரியிட்டச் சொல்லுங்கோ. என்னை வேலையால நிப்பாட்டட்டும்.”

பனிப்புகாருக்குள் கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. நவரட்ணம் செத்த மீன்களோடு நாணல் பக்கமாய் ஒதுங்கினார்.

அனுமதி கொடுக்கிற அதிகாரி றெபேக்கா, முழங்கால் சப்பாத்தோடு வந்து குட்டையோரம் குனிந்தார்.

“ஒன்பது, பத்து, பதினொண்டு... பன்னிரண்டு! அட்சயா, ஒண்டுமே சாகேல்லையா?”

“இல்லை. ஒண்டும் இல்லை.”

“கெட்டிக்காரி! பைல் காருக்குள்ள. கையெழுத்தை வைச்சிட்டு வாறன்.”

றெபேக்கா புகாருக்குள் மறைந்தார்.

வாளி வெறுமையாய்க் கிடந்தது. கார்க் கதவுச் சத்தம் கேட்டதும் அதைக் குட்டைக்குள் கவிழ்த்துவிட்டவள் அட்சயா.

“அங்கிள்,” என்றாள், அவர் முகத்தைப் பாராமல். “நான் பிழையைக் கண்டுபிடிச்சுச் சரிசெய்திடுவன். அதுவரைக்கும் நீங்கள்... வழக்கம்போல...”

 நவரட்ணம் செத்த மீன் மூன்றையும் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, கார் வெளிச்சம் தெரிந்த பக்கமாய் நடந்தார்.