உண்டியலில் உடைந்த நாணயம்

பென்னி மெல்ல எட்டி, முன்னால் உட்கார்ந்திருந்த பூமிகாவின் தாளைப் பார்த்தான். அவளோ மறைக்காமல் கையை விலக்கி, நன்றாகவே பார்க்க விட்டாள். அங்கேயும் அதே பாழாய்ப்போன விடைதான்.

கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலை ஒன்றின் கேன்டீனில் டிரெய்னி வேலைக்கான எழுத்துத் தேர்வு. சாம்பார் வாசனைக்கு நடுவே அத்தனை பேரையும் குப்புறத் தள்ளியிருந்தது ஒரே ஒரு கணக்கு.

'ஓர் உண்டியலில் ஐந்து ரூபாய், இரண்டு ரூபாய் நாணயங்கள் மொத்தம் முப்பது. அவற்றின் மதிப்பு நூறு ரூபாய். ஐந்து ரூபாய் நாணயங்கள் எத்தனை?'

ஐந்து ரூபாய் நாணயங்களை x என்று வைத்தான். இரண்டு ரூபாய், 30 − x. ஆக, 5x + 2(30 − x) = 100. அறுபதைக் கழித்தால் 3x = 40.

மூன்றால் வகுத்தால் பதிமூன்று நாணயம், கூடவே இன்னொரு நாணயத்தில் மூன்றில் ஒரு துண்டு. நாணயத்தை வெட்டி உண்டியலில் போடும் ஆசாமியை இந்த வட்டாரத்தில் நாம் இன்னும் பார்த்ததில்லை.

எத்தனை முறை போட்டாலும் அந்தத் துண்டு விடாமல் வந்து நின்றது. பென்னியின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

மெர்சியின் அப்பா, மீஞ்சூர் பாக்கியநாதன், காலையில்தான் போனில் கறாராகச் சொல்லியிருந்தார். "தம்பி, பர்மனென்ட் ஆர்டர் கைக்கு வரட்டும், அப்பால கல்யாணப் பத்திரிகை அடிக்கலாம். துபாய்ல ஒரு பையனும் பொண்ணு கேட்டுக்கினுதான் கீறான்." மாமனார் ஆவதற்கு முன்பே மனிதருக்கு அத்தனை மிடுக்கு.

கம்பெனியின் ஜோதிலட்சுமி மேடமும் சொல்லியிருந்தார். "இந்த டெஸ்ட் நல்லபடியா முடியட்டும் பென்னி, உன்னப் பர்மனென்ட் பண்ணிடலாம்."

"எப்படிப் போட்டாலும் துண்டாவே வருது. இன்னா பண்றதுன்னு தெர்ல," பூமிகா கிசுகிசுத்தாள்.

"எனக்கும் அதாம்மா வருது. பேஜாரா கீது." மெர்சிக்காகவாவது அந்த x முழுசாக வரட்டும் என்று மாதாவை வேண்டிக்கொண்டான். மாதா x விஷயத்தில் தலையிடவில்லை.

கதவு திறந்தது. ஜோதிலட்சுமி மேடம் நேராக அவனிடம் வந்தார். "இன்னா பென்னி, மொத்த ஹாலும் ஒரே கணக்குல நின்னுகினு இருக்குது?"

பென்னி தலையைச் சொறிந்தான்.

"தொண்ணூத்தொம்போதுன்னுதான் இருந்துச்சு மேடம். கேள்வித்தாள் ரெடி பண்ணும்போது, ரவுண்டா இருக்கட்டுமேன்னு நாந்தான் நூறாக்கிட்டேன்."