கல் கொட்டிய கரை

கருவடிக்குப்பத்தில் பெண் பார்க்க வந்த வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. கடலரிப்பைப் பற்றி நாலு பேர் காரசாரமாக மோதிக்கொண்டிருந்தார்கள்.

"இவனுங்க பேசிக்கிட்டேதான் இருப்பானுங்க. நான் செஞ்சு காட்டுனவன்," என்றார் மாப்பிள்ளையின் அப்பா தேசப்பன். "ஆளுங்களைத் திரட்டி மூணு நாள் ரோட்டுல உக்காந்தேன். அப்புறம்தான் கவர்மெண்டுல கரை நெடுக லாரி லாரியா கல்லு கொட்டுனாங்க. ஆறு வருசமாச்சு, எங்க குப்பத்துல ஒரு வீடு போவல."

"தெரியுங்க," என்று காபியை நீட்டினார் பெண்ணின் அப்பா மாசிலாமணி.

தேசப்பன் அந்த ஒற்றை அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். "சொந்த வீடுன்னு தரகர் சொன்னாரே?"

"இது வாடகைதாங்க. சொந்த வீடு உங்களுக்கு வடக்கால, அடுத்த குப்பத்துல இருந்துச்சு. உங்க கல்லுல மோதுன அலை எங்க பக்கம் திரும்பிடுச்சு. மறு வருசமே வீட்டைக் கடல் எடுத்துக்கிச்சு."

தேசப்பன் காபியைக் கீழே வைத்துவிட்டு, செருப்பு கிடந்த வாசலைப் பார்த்தார்.

"உக்காருங்க சம்பந்தி," என்றார் மாசிலாமணி, குரலில் கோபமே இல்லாமல். "உங்க வீடுன்னு தெரிஞ்சுதான் பொண்ணைக் குடுக்கறோம். அவளாவது கல்லு கொட்டுன கரையில இருக்கட்டும்."