ஒன்பதாம் நம்பர் பாட்டில்

“யாரோ வேணும்னே ஃப்ரிட்ஜைத் திறந்து திறந்து மூடறாங்க சார். இல்லேன்னா இப்படி வெளுக்காது.”

ஆராய்ச்சி மாணவி சொன்னதைக் கேட்டுக்கொண்டே, பேராசிரியர் மேஜை மேல் இருந்த பன்னிரண்டு பாட்டில்களையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். ஒரு மாதத்துக்கு முன் தங்க நிறத்தில் உள்ளே போனவை, இப்போது பாத்திரம் கழுவிய தண்ணீராக வெளியே வந்திருந்தன. நிறம் போனால் சத்தும் போனதாக அர்த்தம்.

கடற்பாசியிலிருந்து எடுக்கும் நல்ல சத்தைக் கெடாமல் பாதுகாப்பதுதான் அவளுடைய முனைவர் பட்ட ஆராய்ச்சி. அந்தச் சத்துக்குச் சூடு ஆகாது, வெளிச்சம் ஆகவே ஆகாது. நான்கு வருஷமாக அதற்கு விதவிதமாகப் பூச்சு பூசி, குளிரிலும் இருட்டிலும் வைத்துப் பச்சைப் பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டாள். வெளிச்சம் புகாத கறுப்பு பாட்டில் கேட்டபோது மட்டும் பேராசிரியர் கையை விரித்துவிட்டார். மூடின ஃப்ரிட்ஜுக்குள் சூரியனா உதிக்கப்போகிறது என்று கேட்டார்.

“இன்னும் ஒரே ஒரு தடவை பாரும்மா. அதுவும் வெளுத்தா, தலைப்பை மாத்திடலாம்.”

தலைப்பை மாற்றினால் மறுபடி முதல் வருஷம். தங்கையின் மகளே பள்ளிக்கூடத்தில் இரண்டு வகுப்பு தாண்டிவிட்டாள். பெரியம்மா எப்போது பாஸ் ஆவாள் என்று வீட்டுக்கு வரும்போதெல்லாம் அக்கறையாக விசாரிக்கிறாள்.

அவளுடைய சந்தேகம் முழுக்க ஸ்டோர் கீப்பர் மேல்தான். மூன்றடுக்குச் சாப்பாட்டு டப்பாவோடு வருவதால் ஆய்வகத்தில் அவருக்கு ‘டப்பா சார்’ என்றே பெயர். அந்த டப்பாவை அவள் ஃப்ரிட்ஜில், சரியாக ஒன்பதாம் நம்பர் பாட்டிலுக்கு முன்னால் வைப்பார். மதியம் சாப்பிடப் போகும்வரை அது அங்கேயே குந்தியிருக்கும். மாலையில் காலி டப்பாவையும் அங்கேயே வைத்துவிட்டு, அடுத்த நாள் இன்னொன்றோடு வந்து மாற்றிக்கொள்வார்.

போன தடவை பதினோரு பாட்டில் வெளுத்து, ஒன்பது மட்டும் தங்கமாக நின்றது. ஒன்பதாவது பாட்டிலில் இருந்த பூச்சுதான் வெற்றி என்று அவள் தலைகால் தெரியாமல் குதித்தாள். இனி தப்பு தண்டா நடக்கக்கூடாது என்று டப்பாவையும் ஃப்ரிட்ஜிலிருந்து வெளியேற்றினாள். அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். இந்தத் தடவை ஒன்பதும் வெளுத்துவிட்டது. வஞ்சம் தீர்த்துவிட்டார் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

மறுநாள் காலையில் புதுப் பாட்டில்களை அடுக்கி, அவற்றைப் பார்த்த மாதிரி கைப்பேசியையும் ஃப்ரிட்ஜுக்குள் வைத்து, வீடியோ எடுக்கவிட்டு மூடினாள். மூன்று மணி நேரம் கழித்து எடுத்தவள், தான்கூடப் பார்க்கவில்லை. கையும் களவுமாகப் பிடிக்கும்போது சாட்சி வேண்டும் என்று பேராசிரியரையும் டப்பா சாரையும் ஒன்றாக அழைத்து வந்தாள்.

மூவரும் தலையை முட்டிக்கொண்டு பார்த்தார்கள். பாட்டில்கள் வரிசையாக நின்றன. வேகமாக ஓட்டினாள், அப்போதும் நின்றன. ஒட்டியிருந்த நம்பர்கள்கூட ஒவ்வொன்றாகப் படிக்கும்படி இருந்தன. ஒரு பாட்டிலின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கியதே தவிர, மூன்று மணி நேரமும் ஒரு கை உள்ளே வரவில்லை. ஒரு தடவைகூடக் கதவு திறக்கவில்லை.

பேராசிரியர் தொண்டையைச் செருமினார். அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. தப்பாக நினைத்துவிட்டதாகவும் மனசில் வைத்துக்கொள்ளக்கூடாது என்றும் டப்பா சாரிடம் சொன்னாள். அவர் பெருந்தன்மையாகத் தலையாட்டினார். ஆனால் பார்வையைக் கைப்பேசியிலிருந்து எடுக்கவில்லை.

“அது பரவாயில்லம்மா. ஒரே ஒரு சந்தேகம். கதவுதான் மூடியே இருந்துச்சே, அப்புறம் உள்ள எல்லாம் எப்படி இவ்ளோ பளிச்சுன்னு தெரியுது?”

பேராசிரியர் எழுந்து போய் ஃப்ரிட்ஜைத் திறந்து, கதவு மூடினால் விளக்கை அணைக்க வேண்டிய, கதவோரம் இருந்த சின்ன ஸ்விட்சை விரலால் அழுத்திப் பார்த்தார். உள்ளே விளக்கு அணையவே இல்லை.

மாணவி ஒன்பதாம் நம்பரைப் பார்த்தாள். பிறகு டப்பா சாரைப் பார்த்தாள்.

“சார், உங்க வீட்ல இதே மாதிரி இன்னும் பதினோரு டப்பா இருக்குமா?”