குடை, சாவி, ரயில்

"இன்னிக்கு வர்ற பொண்ணு எது கேட்டாலும் முதல்ல என் முகத்தைப் பாருங்க. அப்புறம் வாயைத் திறந்தாப் போதும்."

காலையிலிருந்து டீச்சர் இதையே சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் சரி சரி என்று தலையாட்டினார். வேறென்ன செய்வார்? பள்ளிக்கூட வேலையை விட்டு எத்தனையோ வருஷமாகியும் அந்த அடுக்குமாடிக் கட்டடத்துக்கே அவர் டீச்சர்தான். இவர் டீச்சர் வீட்டுக்காரர். சொந்தப் பேரை இவரே மறந்திருப்பார் என்று லிஃப்டில் கிண்டல் செய்வார்கள்.

இப்போதெல்லாம் அந்தக் கிண்டலைக் கேட்டால் டீச்சர் சட்டென்று பேச்சை மாற்றிவிடுகிறார்.

மூக்குக்கண்ணாடி சர்க்கரை டப்பாவுக்குள் கிடக்கிறது. வீட்டுச் சாவி ஃபிரிட்ஜில் இருக்கிறது. போன வாரம் அடுப்பை அணைக்காமல் விட்டு, பாத்திரம் கருகி, புகை பக்கத்து வீடு வரைக்கும் போய்விட்டது. யார் பார்த்த வேலை இது என்று டீச்சர் கேட்கும்போதெல்லாம், நான்தான், ஞாபகமே இல்லை என்று அவர் தலையைச் சொறிவார்.

அந்தப் புகையைப் பார்த்து யாரோ கோள் மூட்டியிருக்க வேண்டும். முதியோர் சேவை மையத்திலிருந்து இன்றைக்கு ஒரு பெண் வருகிறாள்.

எதிர் வீட்டுக்கும் இப்படித்தான் ஒருத்தி வந்தாள். மூன்று வார்த்தை சொல்லி, கொஞ்சம் பொறுத்து அதையே திருப்பிக் கேட்டாள். அந்த மனுஷருக்குச் சொல்லத் தெரியவில்லை. அடுத்த மாதமே பிள்ளைகள் வந்து ஊருக்கு வெளியே ஒரு இல்லத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். மனைவி ரெண்டு பஸ் மாறிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள். போன தடவை அவளையே பார்த்து, "சிஸ்டர், என் வீட்டம்மா எப்ப வருவா?" என்று கேட்டாராம்.

அதைக் கேட்ட நாளிலிருந்து டீச்சருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மணி அடித்தது. அவருடைய சட்டைப் பட்டனைச் சரிபார்த்துவிட்டுத்தான் டீச்சர் கதவைத் திறந்தார்.

மையத்துப் பெண்ணுக்குச் சின்ன வயசுதான், சிரித்த முகம். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் டீச்சருக்குப் பயம் இன்னும் கூடியது. வீட்டுக்கே வந்து பார்க்கிற நர்ஸ், ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி, பகலில் பொழுதுபோக்க ஒரு இடம் என்று அவள் எடுத்துச் சொல்லச் சொல்ல, எல்லாம் தூண்டில் போடுகிற மாதிரியே பட்டது.

"குடை, சாவி, ரயில்," என்றாள் அந்தப் பெண். "இந்த மூணையும் மனசுல வெச்சுக்குங்க ஐயா. அப்புறம் கேட்கறேன்."

அதற்குப் பிறகு அவரை வாய் திறக்க விடவில்லை டீச்சர். மாத்திரையை நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா என்று கேட்டால் டீச்சர் பதில் சொன்னார். தனியாக வெளியே போய்வருகிறாரா என்றால் அதற்கும் டீச்சரே. நன்றாகத் தூங்குகிறாரா என்று கேட்டதற்கு, குறட்டைச் சத்தம் கீழ் வீட்டுக்காரர்களுக்கே மனப்பாடம் என்றார். ஒரு மனுஷனை இப்படியா அடக்கி வைப்பது என்று அந்தப் பெண்ணுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

டீ வந்தது. குடித்து முடித்துக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, டீச்சர் மறுபடியும் மூன்று கப் டீயோடு வந்து நின்றார். கேள்வியைத் தட்டிக்கழிக்க இப்படியும் ஒரு வழியா என்று பார்த்தாள் அவள்.

"நான்தான் இன்னொரு தடவை கேட்டேன்," என்றார் வீட்டுக்காரர் அவசரமாக.

அவர் கேட்டதாக அவளுக்குத் தெரியவில்லை. பாவம், குடித்ததையே மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

"ஐயா, அந்த மூணு வார்த்தை?"

அவர் டீச்சரைப் பார்த்தார். அந்தப் பெண்ணுக்குப் பின்னால் நின்றுகொண்டு டீச்சர் உதட்டை அசைப்பது எதிரே இருந்த அலமாரிக் கண்ணாடியில் அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. குடை. அதற்கு மேல் உதடு அசையவில்லை. முகம் வெளிறிப்போயிருந்தது. மாட்டிக்கொண்டோம் என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டார் என்றுதான் அந்தப் பெண் நினைத்தாள்.

"குடை," என்றார் அவர். "மத்தது ஞாபகம் இல்லைம்மா."

டீச்சர் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இவரைக் கூட்டிட்டுப் போயிடாதீங்க. நான் கண்ணும் கருத்துமாப் பார்த்துக்கறேன். எனக்கு வேற யாரு இருக்கா?"

வழியனுப்ப அவர் மட்டும் லிஃப்ட் வரைக்கும் வந்தார். அந்தப் பெண்ணுக்கு மனசு கேட்கவில்லை. யாரும் யாரையும் இழுத்துக்கொண்டு போகப் போவதில்லை, பகலில் கூடவே இருந்து பார்த்துக்கொள்ள மையத்திலிருந்து ஒரு ஆளை அனுப்பலாம் என்று விளக்கிச் சொன்னாள். ஐயா பேரிலேயே பதிந்துகொள்ளட்டுமா என்றும் கேட்டாள்.

"என் பேர்லயே பதிஞ்சுக்கோம்மா. டீச்சர்கிட்டயும் எனக்குத் துணைன்னே சொல்லு. வர்றவங்க அடுப்பு மேல மட்டும் ஒரு கண்ணு வெச்சுக்கிட்டாப் போதும்." கொஞ்சம் தயங்கிவிட்டு, "பேரைச் சொல்லாம உங்க மையத்துக்கு போன் போட்டதும் நான்தான்," என்றார்.

தன்னைப் பற்றித் தானே யாராவது கோள் சொல்வார்களா? அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

லிஃப்ட் வந்து கதவு திறந்தது. அவர் ஒரு தடவை வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"குடை, சாவி, ரயில். மறக்கறது நான்தான்னு அவ நினைச்சுக்கிட்டிருக்கா. அப்படியே இருக்கட்டும்மா. அந்த மறதி தனக்குன்னு தெரிஞ்சா பயந்தே போயிடுவா."