முதுகில் கீறிய கருவாடு

சுங்க அதிகாரி கருணாகரன் சாக்குக்குள் கைவிட்டு ஒரு பாறைக் கருவாட்டை எடுத்து, அதன் முதுகைத் திருப்பிப் பார்த்தார்.

கடைக்காரர் காதர் மைதீனுக்குப் பகீரென்றது.

இந்தோனேசியாவோடு மோதல் தொடங்கியதிலிருந்து கடலுக்கு அந்தப் பக்கத்து அக்கரைச் சரக்கு எதுவும் மலாக்காவில் இறங்கக் கூடாது. பிடிபட்டால் சரக்கும் போகும், லைசென்ஸும் போகும். போன வாரம்தான் இதே காஜா பேராங் தெருவிலேயே ஒரு கடைக்குப் பூட்டு விழுந்தது.

இவர் பயப்படக் காரணமே இல்லை. மீன் இந்தப் பக்கத்துக் கரையிலேயே, தஞ்சோங் கிளிங்கில் பிடித்த மீன். கரையில் நின்று, படகுக்காரர்களோடு தொண்டை வற்றப் பேரம் பேசி வாங்கியது.

இருந்தும் மனுஷனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தராசைத் துடைத்தார். துடைத்த தராசையே மறுபடியும் துடைத்தார். திரைக்குப் பின்னால் அடுப்படியில் அவர் மனைவி ஜமீலா மிளகாய் அரைக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"நம்ம ஆளுங்க வயித்துலதான் கீறுவாங்க பாய். முதுகுல கீறுறது அக்கரையில இருக்கிற பெங்கலிஸ்காரங்க. இது அக்கரைக் கருவாடுலா," என்றார் கருணாகரன்.

"தஞ்சோங் கிளிங் மீன் சார். அல்லாமேல சத்தியம்."

அம்மிச் சத்தம் நின்றது.

கருணாகரன் கெட்டவர் இல்லை. அதுதான் வினையாகப் போயிற்று. வேறொருவர் என்றால் சாக்குகளை லாரியில் ஏற்றிவிட்டு, மற்றதைக் கோர்ட்டில் பேசிக்கொள் என்று போயிருப்பார். இவர் நின்று யோசித்தார்.

"சரி பாய். இதுக்கு உப்புப் போட்டவங்களக் கூப்பிடுங்க. என் முன்னால ஒரு மீனக் கீறிக் காட்டட்டும், ரெண்டு வார்த்த கேட்டுக்கிறேன். அப்புறம் நான் ஏன் உங்க சரக்கத் தொடுறேன்?"

எவ்வளவு நியாயமான பேச்சு! காதர் மைதீனுக்கு அழுகையே வந்துவிட்டது.

திரையைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தார். பார்த்துவிட்டார். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வேணாம் சார். பொய் சொல்லிட்டேன். எல்லாம் அக்கரைச் சரக்குதான். எடுத்துக்குங்க."

வாசலில் வேடிக்கை பார்த்த கூட்டம் இன்னும் நெருங்கி வந்தது. எதிர்க்கடை ஷரீஃபுதீன், தினமும் அவரோடு தொழப் போகிறவர், தலையில் அடித்துக்கொண்டார். அல்லாமேல் பொய்ச் சத்தியம் செய்தவன் என்று இனி ஊர் சொல்லும். காதர் மைதீனுக்கு அதுதான் பொறுக்கவில்லை, சாக்குகள் போனதுகூட இல்லை.

சுங்க ஆட்கள் சாக்குகளை லாரியில் ஏற்றி, சுவரில் மாட்டியிருந்த லைசென்ஸைக் கண்ணாடிச் சட்டத்தோடு கழற்றிக்கொண்டு போனார்கள்.

கடைப்பலகைகளை அடைத்துவிட்டு அவர் திரையை விலக்கினார். ஜமீலா சுவரோடு ஒட்டி நின்றாள். உப்பு தின்ற விரல்களில் மிளகாய் அப்படியே காய்ந்திருந்தது.

மோதலுக்கு முந்தைய வருடம் பெங்கலிஸிலிருந்து படகேறி, மணப்பெண்ணாக வந்து இறங்கியவள். அன்றைக்கு யாரும் பாஸ்போர்ட் கேட்கவில்லை. இன்றைக்கு அவள் வாயைத் திறந்து ரெண்டு வார்த்தை பேசினால் போதும், அக்கரைக்காரி என்று பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள்.

"இனிமே வயித்துலயே கீறுறேன்," என்றாள், அந்த ஊர் இழுவையோடு.

கீறுவதற்கு மீனும் இல்லை, விற்பதற்குக் கடையும் இல்லை. காதர் மைதீன் சரியென்று தலையாட்டினார்.