கடைசிப் பக்கத்துக் கவுன்

“நாம தைச்சு விக்கற கவுனைத் தேடினா, கடைசிப் பக்கத்துல வருது,” என்று அலுத்துக்கொண்டாள் மனைவி.

கணவன் போனைக் குடைந்தான். “நிறைய தடவை திறந்து பாத்துட்டு வாங்காமப் போனா, ஆன்லைன் கடை நம்மளக் கீழே தள்ளிடுமாம். பாக்கறதெல்லாம் உங்கம்மா ஊர்லேர்ந்துதான். எவனோ போட்டிக்காரன்!”

உடனே ஸ்பீக்கரில் போட்டு அம்மாவை அழைத்தாள். “எங்க கவுனை யாரோ பொழுதுக்கும் பாத்துப் பாத்தே கவுக்கறாங்கம்மா. அங்க குழந்தைத்துணி விக்கறது யாரு?”

அம்மா குரலைத் தாழ்த்தினாள். “உங்கப்பாதான்டி பாக்கறாரு. கல்யாணத்தன்னிக்கு உன் முகத்துலயே முழிக்க மாட்டேன்னவரு, இப்போ அந்தக் கவுனைப் போட்டிருக்கற பேத்தி முகத்துலதான் தினமும் முழிக்கறாரு.”

“பாப்பா படத்தைத் தூக்கிட்டு, துணியை மட்டும் போடலாமா?” என்றான் கணவன்.

அவள் மூக்கை உறிஞ்சினாள். “வேணாம். பாப்பா சிரிக்கற மாதிரி இன்னும் நாலு படம் சேருங்க.”