வெட்டிய இருமல்

அந்தச் சின்ன வானொலி நிலையத்தைக் கணினிதான் ஓட்டியது. அக்கா இறந்த பிறகும் அவள் பதிவுசெய்து வைத்த குரலே பாட்டுகளுக்கு நடுவே பேசியது. அவள் இருமிய இடங்களையெல்லாம் தம்பி வெட்டியிருந்தான்.

இன்று பேக்கப் எடுக்கையில் நகல் போகும் திசையை மாற்றிக் கொடுத்துவிட்டான். காலி டிஸ்க், நிறைந்த டிஸ்கின் மேல் ஏறி எல்லாவற்றையும் அழித்தது. உடனே அக்காவின் கணவருக்குப் போன் செய்தான்.

"மாமா, அக்கா குரல் உங்க போன்ல ஒரு வரியாவது இருக்கா? இங்க எல்லாம் போச்சு."

"என்ன மாப்ள உளர்றே? இப்பக்கூட ரேடியோல பேசிட்டுத்தானே இருக்கா."

ஓடிப்போய் ரேடியோவைப் போட்டான். மழை வரும் என்று சொல்லிக்கொண்டிருந்த அக்கா, நடுவில் நெடுநேரம் இருமினாள்.

"டேய்," என்றாள் மூச்சு வாங்க, "இதையாவது வெட்டாம விடுடா."